கூப்பிடுகிறவர் நிற்கும் இடம்: கிறிஸ்தவத்தில் கடவுளின் பட்டப்பெயர்கள்

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. ஊரின் பழைய சிவன் கோயிலில் இருப்பவர் ஆபத்சகாயேஸ்வரர். ஆபத்தில் துணைக்கு வருகிறவர். இதே வட்டாரத்துக் கத்தோலிக்க வீடுகளில் சகாய மாதா படம் தொங்கும். பிள்ளைகளுக்குச் சகாயராஜ், சகாயமேரி என்று பெயர் வைப்பார்கள். வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்தால் கடன் என்ற கணக்கில் வாழ்ந்த மக்கள் தெய்வத்திடம் முதலில் கேட்டது துணையைத்தான். சமயம் மாறினாலும் அந்தக் கேட்பு மாறவில்லை.

இதே சொல் ஒரு மனிதரின் பெயராகவும் ஆயிற்று. திருவிதாங்கூர் அரசின் அலுவலரான நீலகண்ட பிள்ளை 1745ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அவருக்குச் சூட்டினார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. கடவுளே துணை என்ற பெயரைச் சுமந்தவருக்கு அந்த மலையில் என்ன துணை வந்தது? இந்தக் கேள்வியைத் தாண்டாமல் கிறிஸ்தவத்தில் கடவுளின் பட்டங்களைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

பட்டங்களைத் தொகுத்துப் பொருள் சொன்ன நூல்கள் ஏராளம். ஆஸ்கர் குல்மான் 1957ல் ஜெர்மன் மொழியில் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு, இயேசுவின் பட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே போகிறது. அவ்வகை ஆய்வுக்குப் பெரும் பயன் உண்டு. ஆனாலும் பட்டத்தை வேதாகமப் பக்கத்திலிருந்து கழற்றி அகராதிக்குள் வைத்துவிட்டால், அதை யார் சொன்னார், எந்த நிலையில் நின்று சொன்னார் என்பது உதிர்ந்துபோகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையில் பட்டத்தின் பொருளில் பாதி, கூப்பிடுகிறவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். எபிரேய வேதம் தொடங்கி நம் ஊர் செபக்கூட்டம் வரை இதைப் பார்த்துவிடலாம்.

எபிரேய வேதத்தில் கடவுளின் தனிப்பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் ஆனது. 6,800 முறைக்குச் சற்று மேலாக அது வருகிறது. எரியும் முட்செடியின் முன் மோசே பெயர் கேட்டபோது கிடைத்த பதில், இருத்தல் என்ற வினையை மடக்கி மடக்கிச் சொல்லும் ஒரு விடை; பெயர் சொன்னதாகவும் கொள்ளலாம், சொல்ல மறுத்ததாகவும் கொள்ளலாம். அந்தப் பெயரை வாயால் உச்சரிப்பதில்லை என்ற வழக்கம் யூதர்களிடம் உறுதிப்பட்டது. எழுத்தில் அது இருக்கும். வாசிக்கும்போது ‘அதோனாய்’ என்பார்கள். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ‘கிரியோஸ்’ என்று வைத்தார்கள். அந்த வழியில்தான் தமிழுக்குக் கர்த்தரும் ஆண்டவரும் வந்தார்கள். யெகோவா என்பது அந்த நான்கு மெய்களோடு அதோனாயின் உயிரொலிகளைச் சேர்த்துப் படித்ததால் பிற்காலத்தில் பிறந்த வடிவம். 2008 ஜூன் 29 தேதியிட்ட கடிதத்தில் வத்திக்கான், வழிபாட்டில் அந்தத் தனிப்பெயரை உச்சரிக்க வேண்டாம் என்று உலகக் கத்தோலிக்க ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. உச்சரிக்காமலிருப்பதும் ஒரு வழிபாடு என்ற பழைய உணர்வை அது மதித்தது.

வேதாகமத்தில் கடவுளுக்கு முதன்முதலாகப் பெயர் சூட்டியவர் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆபிரகாமும் மோசேயும் அல்லர். ஆகார். எகிப்து தேசத்து அடிமைப்பெண். எஜமானியின் கொடுமை தாங்காமல் வயிற்றுப் பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு நீரூற்றின் அருகே உட்கார்ந்திருந்தவர். எஜமானர் வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக அந்தக் கதையில் இல்லை. அடிமைப்பெண் என்றே பேசுகிறார்கள். தூதன்தான் முதலில் ஆகாரே என்கிறான். அவர் பதிலுக்குக் கடவுளுக்குச் சூட்டிய பெயர் எல் ரோயி, தன்னைப் பார்க்கிறவர். ஆதியாகமம் 16ம் அதிகாரம் இது. எல்லாம் அறிந்தவர் என்று இறையியல் நூலில் எழுதினால் அது ஒரு தத்துவம். வேலைக்காரியை ஏறெடுத்தும் பார்க்காத வீட்டிலிருந்து ஓடிவந்தவள் பார்க்கிறவர் என்று சொல்வது வேறு. முந்திரிக் காட்டிலும் கடலைக் கொல்லையிலும் கூலிக்குப் போகும் பெண்களுக்கு இந்தப் பட்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யெகோவா என்ற பெயரோடு சேர்ந்து வரும் பட்டங்களும் இப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு நெருக்கடியும் உண்டு. யெகோவா யீரே என்பது மோரியா மலையில் ஆபிரகாம் மகன்மேல் கத்தியை ஓங்கிய பிறகு அந்த இடத்துக்கு வைத்த பெயர். யெகோவா நிசி, அமலேக்கியரோடு நடந்த போருக்குப்பின் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். யெகோவா ஷாலோம், எதிரிக்குப் பயந்து ஆலைக்குள் மறைந்து கோதுமை போரடித்த கிதியோனின் பலிபீடம். யெகோவா ஷம்மா, நாட்டையும் ஆலயத்தையும் இழந்து பாபிலோனில் கிடந்தவர்களுக்கு எசேக்கியேல் சொன்ன நகரத்தின் பெயர். கர்த்தர் அங்கே இருக்கிறார் என்று பொருள். மனிதர் தம் அனுபவத்தை ஓர் இடத்தில் நட்டு வைத்த கற்கள் இவை.

இப்போது இந்தப் பெயர்கள் ஆட்டோவின் பின்புறத்திலும் மளிகைக் கடைப் பலகையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. யெகோவாயீரே ஸ்டோர்ஸ், எபெனேசர் டிரேடர்ஸ் என்று பலகை இல்லாத சிறு நகரம் தமிழ்நாட்டில் அரிது. இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கடன் வாங்கித் தொடங்கிய கடைக்கு நம்பிக்கையைப் பெயராக வைப்பது நல்ல செயல்தான். கவலை வேறு இடத்தில். சில மேடைகளில் இந்தப் பட்டங்களைச் சொன்னால் பலன் உறுதி என்று போதிக்கிறார்கள். யீரே என்று சொன்னால் வீடு வரும், குணமாக்குகிறவர் என்று பொருள்படும் ராஃபாவைச் சொன்னால் நோய் போகும் என்கிறார்கள். மோரியா மலையின் கத்தியும் கண்ணீரும் கழிந்து சலுகை மட்டும் மிஞ்சுகிறது. நோய் போகாத வீட்டுக்குள் அந்தப் பெயரே குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது: உனக்கு விசுவாசம் போதவில்லை. தேவசகாயத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் போதனை நிற்காது.

இயேசுவின் பட்டங்களுக்கு வருவோம். கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. கிறிஸ்து என்பதை இன்று பலர் இயேசுவின் குடும்பப்பெயர்போல் எண்ணுகிறார்கள். அது அபிஷேகம் பெற்றவர் என்ற பட்டம், எபிரேயத்தில் மெசியா. எண்ணெய் பூசி அரசனை அமர்த்தும் வழக்கத்திலிருந்து வந்தது. ரோம ஆட்சியில் நசுங்கிக்கிடந்த யூத நாட்டில் அந்தச் சொல்லைப் பொதுவில் சொன்னாலே கலகம். மாற்கு நற்செய்தியின் 8ம் அதிகாரத்தில், பிலிப்பு செசரியா ஊர்ப்பக்கம் போகும் வழியில், பேதுரு இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறார். பேரரசனின் பெயரைத் தாங்கிய நகரம் அது. பட்டம் சரி. ஆனால் அடுத்த மூச்சில் இயேசு தாம் பாடுபட்டுக் கொல்லப்படுவதைச் சொல்ல, பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறார். உடனே சாத்தான் என்ற பெயரை வாங்கிக் கட்டிக்கொள்கிறார். சரியான பட்டத்தைத் தவறான பொருளில் சொல்ல முடியும் என்பதை வேதாகமமே அதைச் சொன்ன முதல் ஆளை வைத்துக் காட்டிவிட்டது. தம்மைப் பற்றி வெளியே சொல்லாதீர்கள் என்று மாற்குவின் இயேசு மீண்டும் மீண்டும் அடக்குவதற்கும் இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

இயேசு தம்மைக் குறித்துத் தாமே விரும்பி வழங்கியது மனுஷகுமாரன் என்ற பெயர். நான்கு நற்செய்திகளிலும் சேர்த்து 80 முறைக்கு மேல் வருகிறது; ஏறக்குறைய எல்லாமே அவர் வாயிலிருந்து. நற்செய்திகளில் மற்றவர்கள் அவரை அப்படி அழைக்கவில்லை; பிற்காலத் திருச்சபையும் அதை வழிபாட்டில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தானியேல் 7ம் அதிகாரத்தில் மேகங்கள்மேல் வருபவரும் மனுஷகுமாரன். தலைசாய்க்க இடமில்லாதவரும் மனுஷகுமாரன். உச்சியும் அடியும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. பழைய கத்தோலிக்கப் பெயர்ப்பில் மனுமகன், பொதுமொழிபெயர்ப்பில் மானிடமகன். மூன்று வடிவங்கள் இருந்தும் தமிழ்ப் பக்திப் பாடல்களில் இந்தப் பெயர் அதிகம் புழங்கவில்லை. ராஜா, ராஜாதிராஜா என்பவை எளிதில் வாய்க்கு வருகின்றன. இது ஓர் இழப்பு என்றே கருதுகிறேன்.

கிரியோஸ், தேவகுமாரன், இரட்சகர் ஆகிய மூன்றும் அந்நாளில் ரோமப் பேரரசனுக்கும் வழங்கிய பட்டங்கள். அகஸ்டஸ் தன் நாணயங்களில் தெய்வமானவனின் மகன் என்று பொறித்துக்கொண்டான். அதே சொற்களை ரோமர் சிலுவையில் அறைந்து கொன்ற ஒரு தச்சருக்குக் கொடுத்தது துணிச்சலான அரசியல். 2ம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னா நகரத்து முதிய ஆயர் பொலிக்கார்ப்பைப் பிடித்துவந்து, சீசரே ஆண்டவர் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும் என்றார்கள். அவர் சொல்லவில்லை, எரித்துக் கொன்றார்கள். ஒரு பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

சிலுவையின் உச்சியில் பிலாத்து எழுதி வைத்ததும் பட்டம்தான். யூதரின் ராஜா என்று எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில். கேலிக்காகவும் எச்சரிக்கைக்காகவும் எழுதிய பலகை. விசுவாசிகளோ அதையே உண்மை என்று படித்தார்கள். அதன்பின் ராஜா என்ற சொல்லுக்குக் கிறிஸ்தவத்தில் பழைய பொருள் இருக்க முடியாது. சேவகனின் உருவெடுத்துத் தம்மை வெறுமையாக்கியவருக்கே எல்லாப் பெயருக்கும் மேலான பெயர் கொடுக்கப்பட்டது என்று பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் சொல்கிறது. அந்த வரிசை முக்கியம்: முதலில் வெறுமை, பிறகு பெயர். தேவசகாயத்தின் பெயருக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. சகாயம் என்றால் தப்பவைப்பது மட்டும் என்ற பொருள் கல்வாரியிலேயே உடைந்துவிட்டது. கைவிடப்பட்டவரோடு கைவிடப்பட்டவராக இருந்ததையும் துணை என்று சொல்ல அன்றிலிருந்து கிறிஸ்தவர்கள் கற்றார்கள்.

325ல் நிசேயாவில் கூடிய சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்று வரையறுத்தது. 431ல் எபேசு, மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைக்கலாம் என்றது. எபேசுவின் முடிவு மரியாளைப் பற்றியதுபோல் தோன்றினாலும் அவருடைய மகன் யார் என்பதற்கான பதில். 451 கல்செதோன் சங்கத்தையும் சேர்த்து இவற்றின் விவரங்கள் இறையியல் கல்லூரிகளில் பாடமாக இருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

தமிழுக்கு வந்தபோது பட்டங்கள் புதிய சோதனையைச் சந்தித்தன. 1578 அக்டோபர் 20ல் கொல்லத்தில் அச்சான 16 பக்க நூலுக்கு அண்டிரிக் அடிகளார் வைத்த பெயர் தம்பிரான் வணக்கம். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூலின் தலைப்பிலேயே கடவுளின் பட்டம் இருக்கிறது. தம்பிரான் அழகான சொல். ஆனால் சைவ மடத்துத் துறவிகளுக்கும் அது உரியது. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி சர்வேசுரன் என்றார். 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் தம் புதிய ஏற்பாட்டில் அதையே எடுத்துக்கொண்டார். கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் எத்தனையோ சண்டை நடந்த காலத்தில், இந்த ஒரு சொல்லில் அவர்கள் ஒன்றாக நின்றார்கள்.

பப்ரிசியுஸ் 18ம் நூற்றாண்டின் பிற்பாதியில் தம் வேதாகமப் பெயர்ப்பில் பராபரனை நிலைநாட்டினார். அதே நூற்றாண்டில் தாயுமானவர் பராபரக் கண்ணி பாடினார் என்பதை நினைத்தால், தேர்ந்தெடுத்தவர் காதில் தமிழ் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்று புரியும். 1871ல் வெளிவந்த, பவர் தலைமையிலான ஐக்கியத் திருப்புதலில் தேவன் வந்தார். 1956ன் திருத்திய பதிப்பு கடவுள் என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995ல் கொண்டுவந்த திருவிவிலியமும் கடவுள் என்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் அது வாசிக்கப்படுகிறது. பெரும்பாலான மற்ற சபைகள் வழிபாட்டில் இன்றும் தேவனையும் கர்த்தரையும் விடவில்லை.

ஒவ்வொரு மாற்றத்திலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: முந்தைய சொல்லில் பிற சமயத்தின் வாடை அடிக்கிறது. ஈசுரன் என்றால் சிவன். தேவன் என்றால் முப்பத்து முக்கோடியில் ஒருவர், போதாததற்கு இந்தச் சீமையில் அது சாதிப் பட்டத்தோடும் ஒட்டி நிற்கிறது. வாடையே இல்லாத சொல் தமிழில் கிடைக்காது, எபிரேயத்திலும் கிடைக்கவில்லை. எல் என்பது கானானியரின் தலைமைக் கடவுளின் பெயராகவும் இருந்தது. ஆகார் அதைத்தான் எடுத்து ரோயியோடு சேர்த்தார். சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, எந்தக் கதைக்குள் போனது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. சீகன்பால்கு 1713ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி நூல் எழுதி அனுப்பியபோது, ஜெர்மனியில் ஹாலேயிலிருந்த அவருடைய மிஷன் மேலாளர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். 1867ல்தான் அது சென்னையில் வெளிவந்தது. மக்கள் கடவுளை என்னவென்று அழைக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்டவரின் உழைப்பு ஒன்றரை நூற்றாண்டு பூட்டிக்கிடந்தது.

இந்தச் சிக்கல் நம்முடையது மட்டுமில்லை. மலேசியாவில் மலாய் மொழி பேசும் கிறிஸ்தவர்கள் தலைமுறைகளாகக் கடவுளை அல்லாஹ் என்றே அழைத்தார்கள். ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வந்த ‘ஹெரால்டு’ கத்தோலிக்க வார இதழ் மலாய்ப் பக்கங்களில் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை வந்தது. 2009ல் உயர் நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2014ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரிடம் எங்கள் பெயரைச் சொல்லாதே என்று சொன்னது வழக்காயிற்று. தமிழ்நாட்டில் சைவர்கள் சர்வேசுரனை எடுக்காதே என்று வழக்குப் போடவில்லை. நாம் அதிகம் கவனிக்காத பெருந்தன்மை இது.

ஆண்டவர் என்ற பட்டத்தில் சற்று நிற்க வேண்டும். கந்தர்வக்கோட்டை ஜமீன் ஊர். பக்கத்தில் தஞ்சைச் சமவெளி, பண்ணையாள் முறையின் வீடு. அங்கே சேரியிலிருந்து வந்தவர் நிலக்காரரை ஆண்டே என்று அழைக்க வேண்டும். துண்டை இடுப்பில் கட்டி, தள்ளி நின்று அழைக்க வேண்டும். ஆண்டையும் ஆண்டவரும் ஒரே வேர். ஆறு நாள் ஆண்டே என்று சொன்ன வாய், ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரே என்றபோது என்ன நடந்தது? இரண்டு நடந்திருக்கலாம். மேலே இருப்பவர் இன்னும் பெரிய ஆண்டை என்று மனம் இன்னும் குனிந்திருக்கலாம். அல்லது உண்மையான ஆண்டவர் ஒருவரே, அவரும் கால் கழுவிவிட்டவர், ஆகவே இந்த ஆண்டைக்கு அந்தப் பெயர் செல்லாது என்று முதுகு நிமிர்ந்திருக்கலாம். பொலிக்கார்ப் சொன்னது இரண்டாவது. தமிழ்த் திருச்சபை இரண்டையும் செய்தது. முதலாவதை அதிகமாகச் செய்தது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை இங்கே மறைக்க முடியாது. 1774ல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர், சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். இயேசுவை அவர்போல் விதவிதமாகத் தமிழில் விளித்தவர் குறைவு. அவர் கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் ஒலிக்கின்றன. பப்ரிசியுஸின் வேதாகமத்தைத் திருத்துவதை அவர் கடுமையாக எதிர்த்தார். தம் மக்கள் செபித்துப் பழகிய சொற்களைப் பறிக்காதே என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. அதே சாஸ்திரியார் 1829ல் சபைக்குள் சாதி வேறுபாட்டைக் காத்து எழுதினார். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833ல் சாதிப் பிரிவினையைச் சபையிலிருந்து அகற்ற ஆணையிட்டபோது தஞ்சையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்க மறுத்தவர்கள் ஒரே கர்த்தரைத்தான் பாடினார்கள். இதை எழுத வலிக்கிறது. அழகாக விளிப்பதும் சரியாகப் பொருள்கொள்வதும் வெவ்வேறு என்பதற்குப் பேதுருவுக்கு அடுத்தபடி நம் மண்ணில் கிடைக்கும் சான்று இது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது.

1980களில் அர்விந்த் நிர்மல், பெங்களூரிலும் பிறகு சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியிலும் தலித் இறையியலை வளர்த்தபோது, ஒதுக்கிவைத்திருந்த ஒரு பட்டத்தைக் கையில் எடுத்தார்: ஊழியர், வேலையாள். ஏசாயா 53ம் அதிகாரத்தின் பாடுபடும் தாசன். ஊர்ச்சேவை செய்கிறவர்கள் என்று இழிவுபடுத்தப்பட்டவர்களின் கடவுள், தாமே சேவை செய்கிற கடவுள் என்றார். இது சபைகளுக்குக் கசந்தது. ஆனால் மனுஷகுமாரன் ஊழியம் கொள்ள வரவில்லை, ஊழியம் செய்ய வந்தார் என்று நற்செய்தி சொல்வதை வேறெப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தியச் சிந்தனையிலிருந்து இயேசுவுக்குப் பட்டம் தேடியவர்களும் உண்டு. சென்னையில் சக்கரைச் செட்டியார் 1920களில் இயேசுவை அவதாரம் என்று விளக்கி எழுதினார். பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, பக்தி மார்க்கத்தின் வழியே அந்தர்யாமி என்ற கருத்தை யோவான் நற்செய்தியோடு இணைத்தார். தாமஸ் தங்கராஜ் 1994ல் சைவ சித்தாந்தத்தின் குருவை எடுத்து, சிலுவையில் அறையப்பட்ட குரு என்றார். மூன்றில் கடைசியே எனக்கு நெருக்கமானது. பட்டத்தை எடுத்ததோடு நிற்காமல் அதைச் சிலுவையில் ஏற்றிப் பார்த்தார். இவை பெரும்பாலும் ஆங்கில நூல்களாகவே தங்கிவிட்டன. கிராமத்துச் செபத்தில் அவை ஏறவில்லை.

கிராமத்தில் சட்டென்று ஏறியது மேய்ப்பர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் வருவார்கள். கீதாரி மந்தையைவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. பட்டிக்குப் பக்கத்தில், பனியில், குட்டியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு அங்கேயே கிடப்பார். யோவான் நற்செய்தியில் இயேசு நல்ல மேய்ப்பன் என்றும், பட்டியின் வாசல் என்றும் தம்மைச் சொல்வது இரண்டு உவமையாகத் தெரியும். கிடையின் ஓரத்தில் படுத்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றே. ஆனால் சபைத் தலைவர்களை ஆயர், பேராயர் என்று அழைக்கத் தொடங்கியபின் அந்தச் சொல்லில் ஆட்டுப் புழுக்கை வாசம் போய்விட்டது.

பிதா என்ற பட்டத்தில் கதை வேறு மாதிரி. இயேசு கெத்செமனேயில் அழைத்தது அரமேயத்தில் அப்பா. ரோமர், கலாத்தியர் நிருபங்கள் அதைப் பெயர்க்காமல் அப்படியே வைத்தன. தமிழில் அது ஒலியிலும் பொருளிலும் நம் வீட்டுச் சொல்லாகவே வந்து விழுகிறது. அது குழந்தையின் மழலைச் சொல் என்று ஒரு காலத்தில் பரவலாகச் சொல்லப்பட்டது. ஜேம்ஸ் பார் 1988ல் அதை மறுத்து, வளர்ந்தவர்களும் வழங்கிய சொல் என்று காட்டினார். தமிழில் நாற்பது வயதுக்காரரும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார். ஆகவே பாரின் திருத்தம் நமக்கு இயல்பாகவே புரிகிறது.

அப்பா என்று அழைத்துவிட்டு உடனே நீர் என்று தொடர்வது தமிழ்க் கிறிஸ்தவச் செபத்தின் தனித்தன்மை. பக்தி இலக்கியம் சிவனையும் திருமாலையும் நீ என்றது, அதில் உரிமை. வேதாகமத் தமிழ் நீர் என்றது. திருநெல்வேலிப் பக்கம் பேச்சில் இன்னும் அது உண்டு. கந்தர்வக்கோட்டையில் யாரும் யாரையும் நீர் என்பதில்லை. கடவுளை மட்டுமே அப்படி அழைக்கிறார்கள். அதனால் அந்தச் சொல் இங்கே வேறெந்த உறவுக்கும் இல்லாத ஒரு தனி வாசலாகிவிட்டது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், இந்த வாசல் எளிய மக்களுக்கு உயரமாக இருக்கிறது என்று கருதினார். பறையும் நாட்டுப்புற மெட்டும் பேச்சுத்தமிழும் கொண்டு 1990களில் கிராமிய இசை வழிபாடு அமைத்தார். அதில் கடவுளைப் பெத்தவரே என்று அழைத்தார். அப்பன் என்றும் ஆத்தா என்றும் பிரிக்காத, பெற்றதன் வலியும் கடமையும் உள்ள பட்டம். 2005ல் அவர் மறைந்தார். நம் காலத்தில் தமிழ் கடவுளுக்குக் கொடுத்த பெயர்களில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

தாயைத் தேடும் ஏக்கம் கத்தோலிக்கரிடம் மரியாளின் பட்டங்களாகப் பெருகியது. புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் அவர் பெரியநாயகி; தஞ்சைப் பெரிய கோயிலின் அம்மனுக்கும் அதே பெயர். வீரமாமுனிவரின் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா, வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களிடம் எபேசு சங்கத்தைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரியாது. வயிற்றில் கட்டி கரைந்தது, மகன் சவுதியிலிருந்து நல்லபடியாகத் திரும்பினான் என்று சொல்வார்கள். இறையியலார் சிலர் முகம் சுளிக்கலாம். ஏசாயா 66ல் கடவுளே தம்மைத் தேற்றுகிற தாயோடு ஒப்பிட்டுக்கொண்டதைச் சபைகள் போதிக்காமல் விட்டதால், அந்தப் பட்டத்துக்கு மக்கள் தாங்களே ஓர் இடம் கண்டுபிடித்தார்கள்.

இப்போது புழங்கும் புதிய பட்டம் இயேசப்பா. பெந்தெகொஸ்தே செபக்கூட்டங்களில் தொடங்கி, சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகள்வரை வந்துவிட்டது. எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் இதை முடிவு செய்யவில்லை. குமாரனைப் பிதாவாக்கிவிட்டார்கள், நிசேயா குழம்பிவிட்டது என்று குருமார்கள் திருத்தப் பார்க்கிறார்கள். திரித்துவப் போதனையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தப் பெயரை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் உள்ள வீட்டுப் பிள்ளைகள், திருப்பூருக்கு வேலைக்குப் போன தகப்பன் வருடத்துக்கு இரண்டு முறை வரும் வீட்டுப் பிள்ளைகள், தகப்பனே இல்லாத பிள்ளைகள். தங்களைப் பார்க்கிற ஒருவரை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய உறவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். ஆகாரும் அதையேதான் செய்தார். திருத்த வருகிறவர், அந்தப் பிள்ளைகளின் வீட்டில் முதலில் உட்கார்ந்துவிட்டுத் திருத்தட்டும்.